தங்கவயல் வீட்டில் ஒரு சின்னக் கடல்!

பவளத்தைத் தொடாமல் பவளத் தொட்டி அமைப்பது எப்படி?

"ரீப்" என்ற சொல்லைக் கோலார் தங்கவயல்காரர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சாம்பியன் ரீப் என்பது பாட்டனும் அப்பனும் இறங்கி வேலை செய்த சுரங்கத்தின் பெயர். பாறைக்கு நடுவே தங்கம் ஓடும் வெண்கல் பட்டைக்குத்தான் சுரங்கத்தில் ரீப் என்று பெயர். அந்தப் பட்டையைத் துரத்திக்கொண்டு மனிதன் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய இடம் அது.

கடலோடிகளிடம் அதே சொல்லுக்கு வேறு பொருள். கடலடியிலிருந்து எழும்பி நிற்கும் பாறைத் திட்டை அவர்கள் ரீப் என்பார்கள். வெதுவெதுப்பான கடல்களில் அந்தத் திட்டைக் கட்டுவது பவளப் பூச்சி. அந்தத் திட்டின் ஒரு துண்டைக் கண்ணாடித் தொட்டிக்குள் உண்டாக்கி, அதில் கடல் மீன்களை வளர்ப்பது உலகெங்கும் பரவியுள்ள ஒரு பொழுதுபோக்கு. ஆங்கிலத்தில் அதற்கு "ரீப் டேங்க்" என்று பெயர்.

ராபர்ட்சன்பேட்டையிலிருந்து கடலுக்கு எந்தப் பக்கம் போனாலும் 200 கிலோமீட்டருக்கு மேல். ஊரோ கடல் மட்டத்துக்கு மேல் 2,700 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே ஒரு வீட்டுக் கூடத்தில் கடல் மீன் நீந்துமா? நீந்தும். ஆனால் தொட்டிக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால், அதற்குள் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று தெரிந்துகொள்வது நல்லது. தெரியாமல் செய்தால் பணமும் போகும், மீனும் சாகும். சில சமயம் வழக்கும் வரும்!

கல்லா? செடியா?

பவளம் பார்வைக்குக் கல் போல இருக்கும்; கிளை விட்டு நிற்பதால் செடி போலவும் தோன்றும். உண்மையில் அது ஓர் உயிர்ப்பிராணி. சின்னஞ்சிறு பூச்சிகள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. கடல் நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்து, ஒவ்வொன்றும் தனக்கு ஒரு கிண்ணம் போன்ற கூடு கட்டிக்கொள்கிறது. பூச்சியின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெயிலில் உணவு தயாரித்து வீட்டுக்காரப் பூச்சிக்கும் கொடுக்கிறது. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். சூடு தணியாவிட்டால் செத்துப்போகும்.

உருண்டைப் பாறையாக வளரும் பவளம் வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. ஒரு ஆள் உயரப் பவளப் பாறை என்றால் அதற்கு 150 வயதுக்கு மேல் இருக்கலாம்.

மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளம் இதன் தூரத்து உறவு. அது மத்தியதரைக் கடல் போன்ற வேறு கடல்களிலிருந்து வருவது. தமிழ்நாட்டின் பவளத் திட்டுகள் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளைச் சுற்றி இருக்கின்றன. அங்கே 117 வகைப் பவளங்கள் உள்ளதாக ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கடலிலும் ஒரு சுரங்கம்

அந்தத் திட்டுகளிலும் பல்லாண்டு காலம் "சுரங்க வேலை" நடந்தது. முருகைக்கல் என்று பெயரிட்டுப் பவளப் பாறையை உடைத்துப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வீடு கட்டவும், சுண்ணாம்புக் காளவாய்க்கும், தொழிற்சாலைகளுக்கும் அது போயிற்று. 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு நீருக்குள் மூழ்கிப் போயின. காவலாக இருந்த பவளத்தை வெட்டி எடுத்ததால் அலை மண்ணை அரித்தது முக்கியக் காரணம் என்று சொல்லப்படுகிறது.

1986-ல் இந்தத் தீவுப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001 ஜூலையில் மத்திய அரசு பவளங்களை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை! கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது அதே 2001, பிப்ரவரி 28-ந் தேதி. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கி 120 ஆண்டு நடந்த வேலை அன்று நின்றது. ஒரு ரீப்பைத் தோண்டித் தீர்த்த ஆண்டிலேயே இன்னொரு ரீப்புக்குச் சட்டம் காவல் போட்டது.

சட்டம் சொல்வது என்ன?

திட்டுக் கட்டும் கல் பவள இனங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், தீப்பவளம், குழல் பவளம், கடல் விசிறி ஆகியவை முதல் அட்டவணையில் உள்ளன. கடல் குதிரையும் அப்படியே. உயிருள்ளது, செத்தது என்ற பேதம் இல்லை. வெள்ளை வெளேரென்று காய்ந்த பவளக் கிளையை அலமாரியில் வைத்திருந்தாலும் குற்றம்தான். தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

"இது வெளிநாட்டுப் பவளம், இதற்குச் சட்டம் இல்லை" என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அட்டவணையில் கடலின் பெயர் எதுவும் இல்லை. "கல் பவளங்கள் அனைத்தும்" என்றுதான் இருக்கிறது. "உயிர்க் கல்" என்ற பெயரில் விற்கப்படும் துளைக் கற்களிலும் பவளத் துண்டுகள் கலந்திருக்கும். மாதச் சம்பளக்காரர் ஒருவர் அழகுக்காக வாங்கி வைத்த கல்லுக்காகக் கோர்ட் படி ஏற வேண்டுமா?

அப்படியானால் ரீப் தொட்டி வைக்கவே முடியாதா என்ற கேள்வி எழும். முடியும். பவளத்தை விட்டுவிட்டு, பவளத் திட்டின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். குகையும் இடுக்குமாகக் கல் அடுக்கு, ஓடும் நீர், வெளிச்சம், அந்த இடுக்குகளில் ஓடி விளையாடும் மீன்கள். இத்தனையும் கடலிலிருந்து ஒரு துண்டைக்கூடப் பெயர்க்காமல் செய்யக்கூடியவை.

கண்ணாடிக்குள் கடல் வந்த கதை

கடல் மீனைக் கரையில் வைத்துக் காட்டுவது தமிழர்களுக்குப் புதிதல்ல. சென்னை மெரீனா கடற்கரையில் 1909-லேயே ஒரு மீன் காட்சி சாலை திறக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் எடுத்த முயற்சி அது. மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடல் உயிர்கள் பற்றி ஆராய்ந்து எழுதியவரும் அவரே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தக் காட்சி சாலை மூடப்பட்டது. அதற்குக் கடல் வாசலிலேயே இருந்தது. கடல் இல்லாத ஊரில் என்ன செய்வது?

1961-ல் ஜகார்த்தா நகரைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் தன் வீட்டு முறையை ஒரு மீன் வளர்ப்புப் பத்திரிகையில் எழுதினார். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. துளைகள் நிறைந்த கல், மெல்லிய காற்றுக் குமிழ், வெளிச்சம் ஆகியவை போதும். கல்லின் துளைகளில் குடியேறும் நுண்ணுயிர்களே நீரைச் சுத்தம் செய்துவிடும் என்பது அவர் கண்டது. இன்றைய வீட்டுத் தொட்டிகள் எல்லாம் அந்த அடிப்படையில் நடப்பவைதான். அவர் கடலிலிருந்து எடுத்த கல்லை உபயோகித்தார். இங்கே அந்தக் கல்லைக் கொத்தனார் செய்து கொடுப்பார்!

தொட்டியும் இடமும்

சின்னத் தொட்டி சுலபம் என்று நினைப்பது தவறு. நீர் குறைவாக இருந்தால் சூடும் உப்பும் அழுக்கும் சட்டென்று ஏறி இறங்கும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி ஆரம்பத்துக்கு ஏற்றது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 190 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி போக 150 லிட்டர் நீர் நிற்கும்.

கண்ணாடி, கல், மணல், நீர் எல்லாம் சேர்த்தால் எடை கால் டன்னை நெருங்கும். மர மேசையோ பழைய பீரோவோ தாங்காது. இரும்புக் கோணத்தில் வெல்டிங் செய்த ஸ்டாண்டு வேண்டும். தரை மட்டம் பார்த்து, தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் தகடு வைக்க வேண்டும்.

ஜன்னல் ஓரம் ஆகாது. வெயில் பட்டால் பாசி படரும், நீர் சூடாகும். தங்கவயலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. காற்றுக் காலத்தில் சயனைடு மேட்டிலிருந்து பறக்கும் தூசு எந்த வீட்டையும் விடுவதில்லை. அது நீரில் படியக் கூடாது. தொட்டியை உள் சுவர் ஓரமாக வைத்து, நுண்வலை போட்ட மூடி அமைப்பது நல்லது.

கல் உப்பு ஏன் உதவாது?

ஒரு லிட்டர் கடல் நீரில் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. 150 லிட்டருக்கு ஐந்தே கால் கிலோ. கடையில் கிடைக்கும் கல் உப்பைக் கரைத்துவிட்டால் போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. காரணம் தூத்துக்குடி உப்பளத்திலேயே இருக்கிறது.

கடல் உப்பில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 85 கிராம்தான் சோடியமும் குளோரைடும். மீதி 15 கிராமில் சல்பேட், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் இருக்கின்றன. உப்பளத்தில் கடல் நீர் வற்றும்போது கால்சியம் முதலில் ஜிப்சமாகப் படிந்துவிடும். பிறகு உப்பு விளையும். உப்பை வாரிய பின் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் போய்விடும். ஆகவே சமையலுக்கு வரும் உப்பு, கடலின் ஒரு பகுதிதான். மீன் தொட்டிக்கென்றே எல்லாச் சத்தும் சேர்த்துத் தயாரித்த உப்பு பாக்கெட்டில் கிடைக்கிறது. செலவு என்று பார்க்காமல் அதைத்தான் வாங்க வேண்டும்.

நீரும் முக்கியம். கோலார் ஜில்லாவின் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் புளோரைடும் அதிகம். குழாய் நீரில் குளோரின் இருக்கும். ஆகவே ஆர்.ஓ. முறையில் சுத்தம் செய்த நீரே சரி. கேன் நீர் விற்கும் நிலையங்களில் அது கிடைக்கும். பிளாஸ்டிக் தொட்டியில் நீரை நிரப்பி, உப்பைச் சிறுகச் சிறுகப் போட்டு, பம்பு வைத்து ஒரு நாள் முழுவதும் கலக்க வேண்டும். உப்பின் அளவை அறிய அடர்த்திமானி இருக்கிறது, அதில் 1.025 காட்டினால் கடல் நீர் தயார். பித்தளை, செம்பு எதுவும் நீரில் படக் கூடாது.

நீர் தினமும் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவை ஈடு செய்ய நல்ல நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். உப்பு நீரை ஊற்றினால் நாளுக்கு நாள் உப்பு ஏறி மீன் சாகும். புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

கொத்தனார் கட்டும் பவளத் திட்டு

செயற்கைக் கல் செய்வது கடினமல்ல. ஒரு பங்கு சிமெண்டு, மூன்று நான்கு பங்கு பொடித்த கிளிஞ்சல், இரண்டு கை கல் உப்பு. சமையலுக்கு மட்டும் ஆகும் அந்த உப்பு இங்கே வேலை செய்யும்! கலவையை ஈர மணல் குழியில் கொட்டி, வளைவும் துளையுமாக விரல் விட்டு உருவம் கொடுக்க வேண்டும். இறுகிய பின் நீரில் போட்டால் உப்பு கரைந்து போய், கல் முழுதும் சிறு துளைகள் உண்டாகும். அந்தத் துளைகளில்தான் பிறகு நுண்ணுயிர்கள் குடியேறும்.

சிமெண்டின் காரம் மீனுக்கு விஷம். கல்லை நல்ல நீரில் ஊறப் போட்டு, நீரை அடிக்கடி மாற்றி, குறைந்தது 6 முதல் 8 வாரம் வைக்க வேண்டும். கடல் நீரின் காரத் தன்மை பி.எச். 8.1 முதல் 8.3 வரை. ஊற வைத்த நீர் அந்த அளவுக்கு இறங்கிய பின்புதான் கல் தொட்டிக்கு ஆகும். பொறுமை இல்லாதவர்கள் சுட்ட களிமண்ணில் செய்த, சாயம் பூசாத கற்களைக் கடையில் வாங்கலாம்.

சுரங்கக் கழிவு மேட்டிலும் பழைய குழிகள் ஓரத்திலும் பளபளக்கும் வெண்கற்கள் கிடக்கும். அழகாக இருக்கிறதே என்று அவற்றைத் தொட்டியில் போடவே கூடாது. தங்கப் பாறையில் கந்தகமும் ஆர்சனிக்கும் கலந்த தாதுக்கள் உண்டு. உப்பு நீரில் அவை மெல்ல இறங்கி மீனைக் கொல்லும்.

ஆறு வாரக் காவல்

தொட்டி, கல், மணல், உப்பு நீர் எல்லாம் தயார். மறுநாளே மீன் விடலாமா? விட்டால் ஒரு வாரத்தில் செத்து மிதக்கும். மீனின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது கொடிய விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷமே. இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். அளவோடு இருந்தால் நைட்ரேட்டை மீன் தாங்கும்.

இந்த இரண்டு வகையும் கல்லில் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாத தொட்டியில் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு, பம்பை ஓட விட வேண்டும். கடையில் கிடைக்கும் சொட்டு மருந்துச் சோதனையால் வாரம் ஒரு முறை நீரைப் பார்க்கலாம். அம்மோனியா ஏறும், பிறகு இறங்கும். நைட்ரைட் ஏறும், பிறகு இறங்கும். இரண்டும் பூஜ்யம் காட்டிய பின் மீன் வாங்கப் புறப்படலாம்.

நீரைச் சுத்தமாக்க நுரை எடுக்கும் கருவி ஒன்றும் உதவும். கடற்கரையில் அலை மோதும் இடத்தில் அழுக்கு நுரை ஒதுங்குகிறதல்லவா? அதே வேலையை ஒரு குழாய்க்குள் செய்வது அது.

எந்த மீன்? எங்கே பிறந்தது?

"நீமோ மீன்" என்று குழந்தைகள் கேட்பது கோமாளி மீனைத்தான். 2003-ல் வந்த கார்ட்டூன் படம் அதை வீட்டுக்கு வீடு தெரிய வைத்தது. கடலில் அது கடல் தாமரையில் குடியிருக்கும். தொட்டியில் அது இல்லாமலே சுகமாக வாழும். புதியவர்களுக்கு இதைவிட நல்ல மீன் இல்லை.

அதன் குடும்ப வழக்கம் வினோதமானது. எல்லாக் குஞ்சும் ஆணாகவே வளரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறிவிடும்! ஆகவே சற்றுப் பெரிதும் சிறிதுமாக இரண்டு வாங்கினால் அவையே ஜோடி சேரும். கல்லில் முட்டையிட்டால், ஆண் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டு காவல் காக்கும். ஒரு வாரம் கழித்து இரவு நேரத்தில் முட்டை பொரிக்கும்.

இந்த மீனைக் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை இந்திய விஞ்ஞானிகள் கண்டுவிட்டார்கள். 1947-ல் தொடங்கி, 1971-ல் தலைமையகம் மண்டபத்திலிருந்து கொச்சிக்கு மாறிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் இதைச் செய்து காட்டியது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இந்த வேலையில் ஈடுபட்டது. ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல, "இது பொரிப்பகத்தில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?" என்பதுதான். கூடவே, கண் முன்னால் தீனி போடச் சொல்ல வேண்டும். பொரிப்பக மீன் குருணைத் தீனியைப் பாய்ந்து தின்னும். கடலில் பிடித்த மீன் பல நாள் வாயே திறக்காது.

இந்தக் கேள்விக்குப் பின்னால் தங்கவயலுக்குத் தெரிந்த ஒரு பெயர் இருக்கிறது: சயனைடு. அரைத்த பாறையிலிருந்து தங்கத்தைக் கரைத்து எடுக்க உபயோகித்தது அது. அந்த வேலையின் மிச்சம்தான் ஊரைச் சுற்றிக் குன்று குன்றாக நிற்கிறது. பிலிப்பைன்ஸ் கடலில் 1960-களிலிருந்து அதே சயனைடை நீரில் கரைத்து, பவள இடுக்குகளில் பீய்ச்சி, மயங்கி வரும் அழகு மீன்களைப் பிடித்தார்கள். இந்தோனேசியாவுக்கும் அந்தப் பழக்கம் பரவியது. சட்டம் போட்டும் முழுதாக நிற்கவில்லை. மயங்கிய மீன் பிழைத்தாலும் ஈரல் கெட்டு, வாங்கியவர் வீட்டில் சில வாரத்தில் சாகும். விஷம் பட்ட பவளமும் சாகும்.

150 லிட்டருக்கு இரண்டு கோமாளி மீன்களோடு, சிறு இனத்தில் இன்னும் இரண்டு மூன்று போதும். அவற்றையும் மாதம் ஒன்றாகவே சேர்க்க வேண்டும். நீல நிற "டோரி" மீன் ஓரடி வரை வளரும். 3 அடித் தொட்டி அதற்குச் சிறை. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல இனம் பவளப் பூச்சியையே தின்று வாழ்பவை. வீட்டில் பட்டினியால் சாகும். சிங்க மீனின் முள்ளில் விஷம். குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம். ராமேசுவரம் போய் வருகிறவர்கள் நத்தை, சங்கு, நட்சத்திர மீன் என்று எதையும் பொறுக்கி வந்து விடக் கூடாது. கண்ணாடியில் படியும் பாசியைக் கையாலேயே சுரண்டிவிடலாம்.

ரயிலில் வரும் மீன்

பெங்களூரில் வேலை முடித்து மாலை ரயிலில் திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு மீன் கொண்டுவருவது சிரமமில்லை. பையில் ஒரு பங்கு நீரும் இரண்டு பங்கு ஆக்சிஜனும் அடைத்துக் கொடுப்பார்கள். தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, துணி சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்தால் மாரிகுப்பம் வரை ஆபத்தில்லை. கதவோரத்திலோ சாமான் பலகையிலோ வைக்கக் கூடாது.

வீட்டில் பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விட வேண்டும். பிறகு ஒரு மணி நேரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டி நீரைப் பைக்குள் சேர்க்க வேண்டும். கடைசியில் மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். கடை நீர் தொட்டிக்குள் போகக் கூடாது. வெள்ளைப் புள்ளி நோய் அதோடு வரும். வசதியிருந்தால் மூன்று நான்கு வாரம் தனிச் சிறு தொட்டியில் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

மாதச் செலவு என்ன ஆகும்?

நீர் சுழற்றும் பம்பும் நுரைக் கருவியும் சேர்ந்து 40 வாட் என்றால், 24 மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். 50 வாட் எல்.இ.டி. விளக்கு 8 மணி நேரம் எரிந்தால் 0.4 யூனிட். மாதம் 40 யூனிட்டுக்கு மேல் ஆகும். வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். 15 லிட்டருக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் உப்பு. மாதம் இரண்டு கிலோவுக்கு மேல். இதோடு தீனி, ஆர்.ஓ. நீர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, மளிகைக் கணக்கில் கை வைக்காமல் முடியும் என்றால் மட்டுமே இறங்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் தங்கவயல்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். தொட்டி நீர் 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சென்னையில் அதற்கு விலை உயர்ந்த குளிர்விக்கும் இயந்திரம் தேவைப்படும். இங்கே கோடையில் நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறி வீசினால் பெரும்பாலும் போதும். மார்கழிக் குளிருக்கு மட்டும் 100 அல்லது 150 வாட் சூடேற்றி வேண்டும்.

பெரிய எதிரி கரண்ட் கட். உப்பு நீரில் நல்ல நீரைவிட ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் குறைவு. பம்பு நின்றால் சில மணி நேரத்தில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் இரண்டு மூன்று நாள் மீனைப் பட்டினி போடலாம், ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டாரிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனால்தான் ஆபத்து! அன்பு மிகுதியால் அள்ளிப் போட்டுவிடுவார்கள். அவர்களிடம் நீர் மட்டத்தைக் கோடு போட்டுக் காட்டி, குறைந்தால் நல்ல நீர் ஊற்றச் சொன்னால் போதும்.

பத்து வருடப் பொறுப்பு

கோமாளி மீன் நன்றாகக் கவனித்தால் பத்து ஆண்டுக்கு மேல் வாழும். இன்று தொட்டி முன் நிற்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தை எஸ்.எஸ்.எல்.சி. எழுதும்போதும் அதே மீன் நீந்திக்கொண்டிருக்கும். வேலை மாற்றலோ வீடு மாற்றமோ வந்தால் அதற்கும் வழி யோசித்து வைக்க வேண்டும். வேண்டாம் என்று ஏரியில் விடுவது கொலைக்குச் சமம்.

உயிருள்ள பவளத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு லீவில் மண்டபம் போய் வரலாம். அங்குள்ள கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சி சாலையில் மன்னார் வளைகுடாவின் உயிர்களைக் காணலாம். அந்தக் கடலின் பவளங்கள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் சூடு தாங்காமல் வெளுத்தன. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார், உடைந்த பவளத் துண்டுகளைக் கடலடியில் கட்டி மீண்டும் நட்டு வருகிறார்கள். மெல்ல வளரும் பயிர் அது!

வெட்டி எடுத்த ரீப் திரும்ப வராது என்று தங்கவயல்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சாம்பியன் ரீப்பின் குழிகளில் இப்போது தண்ணீர் நிற்கிறது. கடலில் உள்ள ரீப் இன்னும் மிச்சம் இருக்கிறது. ராபர்ட்சன்பேட்டை வீட்டுக் கூடத்தில் சிமெண்டுக் கல்லுக்கு நடுவே, பொரிப்பகத்தில் பிறந்த இரண்டு மீன்கள் ஓடினால், அதற்காகக் கடலில் ஒரு கல்கூட அசையவில்லை என்று வீட்டுக்காரர் தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம்.